முகம் பார்த்துப் பேசாத பூனைகள்

மாட்டுத் தரகர் சின்னதம்பிக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. பூனையைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. முதல் விஷயம் மலைமேல் இருக்கிற காவலூரைச் சுற்றியுள்ள பத்து ஊருக்கும் தெரியும். இரண்டாவது விஷயம் ஐம்பத்தோரு வயது வரைக்கும் அவருக்கே தெரியாமல் இருந்தது. ஆனந்தி மலைக்குக் கீழே இருக்கிற ஆலங்காயத்திலிருந்து ஒயர் கூடையும் கையுமாக வந்து இறங்கிய அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிய வந்தது.

ஆனந்தி அவருடைய மனைவி. மனைவியாகி ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் மனைவி இறந்தபிறகு ஏழு வருஷம் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்த மனுஷன், ஆலங்காயத்தில் தையல் கடை வைத்திருந்த, புருஷனை இழந்த ஆனந்தியைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பேச்சு குறைவு. சம்மதம் சொல்லும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"மொதல்ல பத்து நாள் வந்து இருந்து பாக்கறேன். எனக்கும் பொட்டுக்கும் ஒத்துவந்தா இருந்துடறேன். இல்லன்னா நான் கீழயே இருக்கேன். நீங்க வந்து போய்ட்டு இருங்க."

பொட்டு என்பது அவளுடைய பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் விரலால் வைத்த மாதிரி ஒரு கறுப்பு. ஐந்து வருஷமாகத் தையல் கடையில் துணிகளுக்கு நடுவே வளர்ந்தது. அவள் பேசும் பேச்சில் பாதியை அந்தப் பூனையிடம்தான் பேசினாள்.

பத்து நாள் என்றால் அடுத்த வாரம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மாலை நான்கு மணிக்குக் கீழே போகிற பஸ். வந்தவள் ஒரு பையில் நான்கு புடவை கொண்டுவந்திருந்தாள். தையல் மெஷினைக் கொண்டுவரவில்லை. கடையிலேயே துணி போர்த்திப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். சின்னதம்பிக்கு உறுத்தியது அதுதான். மெஷின் மலை ஏறாதவரை ஆனந்தி மலை ஏறியதாக அர்த்தமில்லை. இருந்துவிடேன் என்று வாய்விட்டுக் கேட்க ஆசைதான். ஆனால் சந்தையில் நூறு பேருக்கு நடுவே கூசாத அந்த வாய், அவள் எதிரில் வந்தாலே ஒட்டிக்கொண்டது.

சந்தையிலும் அவர் வாயால் பேசி விலை முடிப்பதில்லை. தரகர் வழக்கமே வேறு. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எந்த விரலை எப்படிப் பிடிக்கிறான் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் சின்னதம்பி பார்ப்பது முகத்தை. கண்ணோடு கண் வைத்து நின்றால் மாடு கைமாறப் போகிறது. தலையைத் திருப்பிக்கொண்டு நகத்தை நோண்ட ஆரம்பித்தால் பேரம் முறிந்தது. இருபத்தைந்து வருஷத்தில் இந்தப் பாடம் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. இதை வைத்துக்கொண்டு பூனைகளைப் பார்க்கப் போனதுதான் அவர் செய்த தப்பு.

சின்னதம்பி வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், அதனால் சாம்பி. சாமை மூட்டைகளுக்கு அதுதான் காவல். மூட்டை மேலேயே படுக்கும், மூட்டை மேலேயே எழும், வீட்டுக்காரரை ஒரு விருந்தாளி அளவுக்கு மதிக்கும். ஆனந்தி கூடையைத் திறந்துவிட்டபோதும் அது மூட்டை மேல்தான் இருந்தது.

பொட்டு வெளியே வந்து இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டது. சாம்பி எழுந்தது. இரண்டும் ஒன்றையொன்று இமைக்காமல் பார்த்தன. ஒரு அசைவு இல்லை. சாம்பியின் வால்நுனி மட்டும் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று ஆடிக்கொண்டிருந்தது. பொட்டுவின் காதுகள் பக்கவாட்டில் சாய்ந்தன.

சின்னதம்பிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பாத்தியா ஆனந்தி? கண்ணு எடுக்காம பாத்துக்குதுங்க. எங்க சாம்பி வாலு வேற ஆட்டுது. ஒரே நிமிஷத்துல படிஞ்சிடுச்சு."

"அப்பிடிங்களா?" என்றாள் ஆனந்தி சந்தேகத்தோடு. அவள் பொட்டுவை இன்னொரு பூனையோடு சேர்த்து வைத்துப் பார்த்ததே கிடையாது.

"நான் பாக்காத பார்வையா? வா, டீ போடு, குடிக்கலாம்."

அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் உள்ளே இருந்து ஒரு அலறல். அது பூனைச் சத்தம் என்றே இருவருக்கும் முதலில் தோன்றவில்லை. ஓடிப் பார்த்தால் பால் சொம்பு கவிழ்ந்து கிடந்தது, புளி உலர்த்திய தாம்பாளம் தலைகீழாகக் கிடந்தது, வெள்ளை முடியும் சாம்பல் முடியும் கலந்து காற்றில் பறந்தன. பொட்டு பரண்மேல் ஏறி, வாலைப் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி உப்ப வைத்துக்கொண்டு உறுமியது. அதன் மூக்கில் ரத்தம்.

ஆனந்தி பரணில் ஏணியைச் சாத்தினாள். ஏறினாள். பொட்டு அவளையும் பார்த்து உஸ்ஸென்று சீறியது. ஐந்து வருஷத்தில் அது அவளைப் பார்த்துச் சீறியது அதுதான் முதல்முறை. இறங்கி வந்தவளின் கண் கலங்கியிருந்தது.  சாம்பி வாலை ஆட்டியதே, பிறகு ஏன் அடித்தது என்று சின்னதம்பி குழம்பினார். நாய் வாலை ஆட்டினால் பிரியம். மாடு வாலை ஆட்டினால் ஈ. பூனை வாலை ஆட்டினால் என்ன?

மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து அக்கா மங்கம்மாள் வந்தாள். தம்பிக்கு இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததில் பெரும்பங்கு அவளுடையது. அதனால் அது உடைந்தால் தன் பொருள் உடைந்த மாதிரிக் கோபம் வரும். பஞ்சாயத்தையும் சுருக்கமாக முடித்தாள்.

"இதுக்குப் போய் இன்னாடா தம்பி இவ்ளோ யோசன? வந்த பூனையச் சாக்குல கட்டி ஆலங்காயத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வா. பூனதானே?"

ஆனந்தி புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "சாக்கு எதுக்குங்க அண்ணி? நான் பஸ்லயே கூட்டிட்டுப் போய்டறேன். நானும் கூடவே போய்டறேன்."

மங்கம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். சின்னதம்பி வீட்டின் பின்னறையைச் சுத்தம் செய்து பொட்டுவுக்கு ஒதுக்கினார். கதவைச் சாத்தியாகிவிட்டது. பூனை தனியாகப் பயந்துகொள்ளும் என்று ஆனந்தியும் பாயை எடுத்துக்கொண்டு பின்னறைக்கே போய்விட்டாள். ஆக, கதவுக்கு அந்தப் பக்கம் பொட்டுவும் ஆனந்தியும், இந்தப் பக்கம் சாம்பியும் சின்னதம்பியும். கல்யாணமான மாப்பிள்ளைக்கு இப்படியொரு வாழ்வு.

அந்த மூன்று நாளும் ஆனந்தி சமைத்தாள், பரிமாறினாள், துவைத்தாள். அவர் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதும் வாசலைத்தான் கேட்டாள். சின்னதம்பி தரகர் கண்ணால் பார்த்தார். முகம் திரும்பிவிட்டது. பேரம் முறிகிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருவரும் சேர்ந்து தைரியம் பண்ணிக் கதவைத் திறந்து வைத்தார்கள். பொட்டு வாசற்படி வரைக்கும் வந்தது. சாம்பியைப் பார்த்தது. ஆனால் இந்தத் தடவை உடனே பார்வையை எடுத்துவிட்டது. சுவரைப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்து, சாம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது. சாம்பி ஒரு கொட்டாவி விட்டது. கண்ணைப் பாதி மூடியது. அதுவும் வேறெங்கோ பார்த்தது.

சின்னதம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகைக் காட்டுகிறது ஒன்று, கொட்டாவி விடுகிறது இன்னொன்று! வீட்டுக்கு வந்தவரிடம் இப்படி நடந்துகொண்டால் நாலு தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. நான்கு நாளாக மனசுக்குள் குமைந்ததெல்லாம் ஒன்று சேர்ந்து, பாய்ந்து போய் சாம்பியைத் தூக்கினார். நேராகக் கொண்டுபோய்ப் பொட்டுவின் முகத்துக்கு எதிரே நீட்டினார்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுங்க! எத்தினி நாளைக்கு இப்பிடித் திருப்பிக்கினே இருப்பீங்க?"

அதைப் பூனைகளிடம்தான் சொன்னாரா என்பது அவருக்கே சந்தேகம். யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. சாம்பி அவருடைய இரண்டு கைகளையும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் உழுதுவிட்டது. பொட்டு முதுகை வளைத்து எகிறியது. ஆனந்தி ஓடிவந்து, அவர் தோளில் கிடந்த பச்சைத் துண்டை உருவி, பொட்டுவின்மேல் போட்டு, அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அது சந்தைத் துண்டு. இருபத்தைந்து வருஷ பேரங்கள் அதற்கு அடியில்தான் நடந்திருந்தன.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு பூனைக்கு நடுவுல தரகு பேசினேம்மா."

நர்ஸ் சிரித்துவிட்டு ஊசியைக் குத்தினாள். கூட வந்திருந்த ஆனந்தி சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வரும் வளைவில்தான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. புது மாட்டையும் பழைய மாட்டையும் ஜோடி சேக்கும்போதும் இப்பிடித்தான் மூஞ்சிக்கு மூஞ்சி புடிச்சு நிறுத்துவீங்களா?"

சின்னதம்பி கீறல் விழுந்த கையைப் பார்த்துக்கொண்டார்.  மாட்டை அப்படி நிறுத்தினால் கொம்பு உடையும். புது மாட்டைக் கொண்டுவந்தால் முதலில் பழைய மாடு படுத்த வைக்கோலைத்தான் இதற்கு விரிப்பார். எதிரெதிரே கட்டமாட்டார். பக்கத்தில், எட்டாத தூரத்தில், ஒரே பக்கம் பார்க்கிற மாதிரிக் கட்டுவார். ஊருக்கே அவர்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறவர். பிறகு பூனைக்கு மட்டும் ஏன் மனுஷன் சட்டத்தைப் போட்டோம்? பஸ்ஸை விட்டு இறங்கியபிறகும் அவருக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை சந்தை நாள். துண்டு இல்லாமல் தரகர் போக முடியாது. பின்னறையில் மடித்துப் போட்டிருந்த அதன்மேல் பொட்டு படுத்திருந்தது. ஆனந்தி பூனையை நகர்த்தி எடுத்துக் கொடுத்தாள். உதறியும் வெள்ளை முடி போகவில்லை. சந்தையில் கிருஷ்ணன் என்கிற சக தரகன் துண்டுக்குள் கையை விட்டவன் தும்மினான். "இன்னாண்ணே, மாட்டு யாவாரமா ஆட்டு யாவாரமா?" என்று கேட்டான். சின்னதம்பி சிரிக்கிற நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து துண்டைச் சாமை மூட்டையின்மேல் போட்டார். சாம்பி வந்து மோந்தது. நெடுநேரம் மோந்தது. பிறகு தலையைத் தூக்கி, மேல் உதட்டைச் சுருட்டி, வாயை லேசாகத் திறந்துகொண்டு, எதையோ கேட்கிற மாதிரி அசையாமல் நின்றது.

சின்னதம்பி நின்ற இடத்திலேயே உறைந்துபோனார். இந்த முகம் அவருக்குத் தெரியும்! புது வாடை கண்ட மாடு இப்படித்தான் உதட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது கோபமில்லை. யார் என்று விசாரிக்கிற முகம். ஏழு நாளில் பூனை காட்டியவற்றில் அவருக்குப் புரிந்தது இது ஒன்றுதான். சந்தோஷத்தில் சத்தம் போட்டுவிட்டார்.

"ஆனந்தி! இங்க வா! விசாரிக்குது! உன் பூனைய யாருன்னு விசாரிக்குது!"

ஆனந்தி வந்து பார்த்தாள். சாம்பி துண்டின்மேல் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, படுத்துக்கொண்டது.

"இது நல்லதா, கெட்டதாங்க?" என்று கேட்டாள்.

"தெரியல. ஆனா மாடுன்னா நல்லது."

அன்றிலிருந்து துண்டு கைமாறத் தொடங்கியது. காலையில் சாம்பி படுத்த துண்டு மத்தியானம் பின்னறைக்குப் போனது. பொட்டு முதலில் அதைப் பார்த்துச் சீறியது, பிறகு மோந்தது, பிறகு அதன் ஓரத்தில் படுத்தது. மறுபடி துண்டு முன்னறைக்கு வந்தது. தூக்கிக்கொண்டு போகிறவர் சின்னதம்பி, கதவுச் சந்தில் வாங்குகிறவள் ஆனந்தி. "இந்தா", "குடுங்க" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் இருவரும் பேசவில்லை. இருந்தாலும் அந்த இரண்டு வார்த்தைக்காக அவர் ஒரு நாளைக்கு ஆறு தடவை துண்டை மாற்றினார். பூனைக்கு அவ்வளவு தேவையில்லை என்று மங்கம்மாள்கூடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. காலையிலேயே ஆனந்தி நான்கு புடவையையும் மடித்துப் பையில் வைத்துவிட்டாள். ஒயர் கூடையைத் துடைத்து வாசலோரம் வைத்தாள். சின்னதம்பி அந்தக் கூடையையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால்? கேட்காமல் இருந்துவிட்டார்.

மூன்று மணிக்கு ஆனந்தியே போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். "கடைசியா ஒரு தடவ பாத்துடலாங்க. நீங்க மட்டும் கைய வெக்காதீங்க."

கையை வைக்காமல் இருக்க அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வாசல் புளியமரத்தடியில் கிடந்த கல்லில் உட்கார்ந்து, துண்டைக் கைமேல் போட்டு, அதற்கு அடியில் தன் விரலைத் தானே பிடித்துக்கொண்டார். ஆனந்தி கொஞ்சம் தள்ளி, அதே கல்லில் உட்கார்ந்தாள். திறந்த கதவு வழியாக வீட்டுக்குள் நடப்பது தெரிந்தது.

பொட்டு வந்தது. சாம்பி மூட்டையிலிருந்து இறங்கியது. வாலை நேராகத் தூக்கியிருந்தது. நுனி மட்டும் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. இந்த வாலை அவர் இதுவரை பார்த்ததில்லை. பொட்டு நின்றது. பார்த்தது. கண்ணை மெதுவாக மூடி, மெதுவாகத் திறந்தது. தூக்கமா? இந்த நேரத்திலா? சாம்பியும் அதேபோல் மூடித் திறந்தது. இரண்டும் கழுத்தை நீட்டி மூக்கோடு மூக்கு ஒரு நொடி வைத்தன. சின்னதம்பியின் விரல்கள் துண்டுக்குள் நெரிந்தன. அவ்வளவுதான், அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. சாம்பி திரும்பி வாசலுக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தது. பொட்டு பின்னால் வந்து நான்கடி தள்ளி உட்கார்ந்தது. ஒன்றுக்கு ஒன்று முகத்தைக் காட்டவில்லை. இரண்டும் எதிரே இருந்த மலையைப் பார்த்தன. பொட்டு காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை பார்த்த அதே முதுகு, அதே நக்கல். அன்றைக்கு நாம் பாய்ந்திராவிட்டால் அன்றைக்கே இப்படித்தான் உட்கார்ந்திருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது சரியா தப்பா என்று தெரியவில்லை.

"இது சேந்ததா, முறிஞ்சதா?" என்று கேட்டார்.

"எனக்கும் தெரியலங்க," என்றாள் ஆனந்தி.

 ஆனந்தியின் பார்வை பூனைகளை விட்டு அவர் மடிக்கு வந்தது.

"துண்டுக்கு அடியில இன்னா பண்றீங்க?"

"யாவாரத்துல விலை பேசறது இப்பிடித்தான். வாயத் திறக்க வேணாம்."

"யார் வேணா பேசலாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கை துண்டுக்கு அடியில் வந்துவிட்டது. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். அவருடைய இரண்டு விரலைப் பிடித்தன. பிடித்து அழுத்தின. விடவில்லை.

சின்னதம்பி திணறிப்போனார். இரண்டு விரல் என்றால் சந்தையில் ஒரு விலை. அந்த விலை இங்கே எதற்கு? இரண்டு நாளா, இரண்டு வாரமா, இரண்டு பூனையா? அல்லது, போய்வருகிறேன் என்று கீழ்நாட்டில் இப்படித்தான் சொல்வார்களா? பழக்க தோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூனைகளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் தாடையைத் தொட்டுத் திருப்பி, 'மூஞ்சியப் பாத்துச் சொல்லு' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கையில் ஆறாத கீறல்கள் எரிந்தன. அவர் கேட்கவில்லை. தானும் முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தார்.

வளைவில் நான்கு மணி பஸ் ஹாரன் அடித்தது.  விரலை விட்டுவிடப் போகிறாள், இதோ எழுந்துவிடப் போகிறாள். பஸ் நிறுத்தத்தில் நின்றது, யாரோ இறங்கினார்கள், மறுபடி கிளம்பியது. சத்தம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி இறங்கித் தேய்ந்தது. துண்டுக்கு அடியில் விரல்கள் அப்படியே இருந்தன.

"ஏங்க," என்றாள் ஆனந்தி, மலையைப் பார்த்தபடியே. "மெஷினு கனமா இருக்கும். பஸ்ல ஏத்துவாங்களா?"